பி21 ஏறியது எதனால்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். செல்களில் புற ஊதா ஒளி பட்டதும் பி21 மரபணுவின் எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்ய அதிலிருந்து எழுதப்படும் நகல்) விறுவிறுவென்று ஏறியிருக்கிறது. கீழே ‘பி53 இந்த மரபணுவை முடுக்கிவிட்டது’ என்று, டி.என்.ஏ. சேதமானதும் மரபணுக்களை முடுக்கும் அந்தப் புரதத்தைக் காரணமாக எழுதியிருக்கிறாய். சரி, ஆனால் அது பாதிக் கதைதான்.

தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏறினால், யாராவது குழாயைத் திறந்திருக்கலாம்; அடியில் தண்ணீர் போகும் வழியை அடைத்தும் இருக்கலாம். பி21-இன் எம்.ஆர்.என்.ஏ.வுக்கு ஆயுசு குறைவு. சாதாரண நேரத்தில் செல் அதைச் சீக்கிரமே சிதைத்துவிடும். அதன் வால் பக்கம், புரதமாக வாசிக்கப்படாத பகுதியில், ‘ஏ’, ‘யு’ என்ற ஆர்.என்.ஏ. எழுத்துகள் மண்டிய துண்டு ஒன்று உண்டு. வழக்கமாக உட்கருவுக்குள்ளேயே கிடக்கும் ஹெச்யுஆர் என்ற புரதம், டி.என்.ஏ. சேதமானதும் உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்துக்கு வந்து அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்கிறது. சிதைவு குறைகிறது. பி21 புரதம் பெருகிச் செல் பிரிவதை நிறுத்துகிறது. பழுது பார்க்க அவகாசம் கிடைக்கிறது. 2000-இல் மிரியம் கொரோஸ்பேயின் குழு இதைப் பெருங்குடல் புற்றுநோய் செல்களில் காட்டியது. ஹெச்யுஆரைக் குறைத்ததும், புற ஊதா பட்டும் பி21 அவ்வளவாக ஏறவில்லை.

யோசித்துப் பார். புற ஊதா பட்டால் டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான தைமின், பக்கத்தில் இருக்கும் தைமினோடு ஒட்டிக்கொள்கிறது. ஆர்.என்.ஏ.வை எழுதும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் அங்கே போய்த் தடுக்கி நிற்கிறது. புதிதாக எழுதுவதே திண்டாட்டமாக இருக்கும்போது, எழுதி முடித்ததைக் காப்பாற்றுவது எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! பாடப்புத்தகங்களோ பி53-க்கு மட்டும் மாலை போடுகின்றன. எனக்கு அது ஓரவஞ்சனையாகத்தான் படுகிறது.

அதனால் ஒன்று செய். ஒளி பட்ட செல்கள், படாத செல்கள் இரண்டிலும் ஆக்டினோமைசின் டி என்ற மருந்தைப் போட்டு ஆர்.என்.ஏ. எழுதுவதையே நிறுத்து. 0, 1, 2, 4 மணி நேரத்தில் செல்களை எடுத்து, பி21-இன் எம்.ஆர்.என்.ஏ. எதில் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார். ஒப்பிட 18எஸ் என்ற ரைபோசோம் ஆர்.என்.ஏ. போதும், அது லேசில் அசையாது. ஒளி பட்டதில் சரிவு மெதுவாக இருந்தால் சிதைவும் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

மருந்தின் அளவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மிகக் குறைந்த அளவில் அதுவே பி53-ஐக் கிளப்பிவிடும். அப்புறம் நீ அளப்பது எதை என்று உனக்கே தெரியாது. கையுறை போட்டுக்கொள், அது விஷம். வெளிச்சத்திலும் வைக்காதே.

இன்னொன்று. ஒளியின் அளவை நீ குறிப்பிடவே இல்லை. தட்டின் மூடியைத் திறந்து, செல்கள் வளரும் மீடியத்தை உறிஞ்சிவிட்டுத்தானே ஒளியைக் காட்டினாய்? மூடி, மீடியம் இரண்டுமே 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை விழுங்கிவிடும். அதையும் படத்துக்குக் கீழே எழுதி, திரும்ப அனுப்பு.

அன்புடன்,
அம்மா