தையல் மெசினைத் திருத்தித் தந்த அண்ணாவுக்கு

2024 நவம்பர் கடைசியில வந்த வெள்ளம் மட்டக்களப்புப் படுவான்கரையில எங்கட வீட்டுக்குள்ளயும் ஏறினது. மற்றச் சாமான்கள் போனதை விட, என்ட தையல் மெசின் சேற்றுக்குள்ள கிடந்ததுதான் நெஞ்சை அடைச்சது. எங்கட வீட்டுச் சோறே அதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின்ட வெள்ளைச் சட்டை தைக்கிற காலம் வேற.

அண்ணா, நீங்க கிறிஸ்தவ சபை ஆக்களோட உலர் உணவுப் பொதி தர வந்தீங்க. மூலையில துருப்பிடிச்சு நிண்ட மெசினைப் பார்த்தீங்க, ஒண்டும் கேட்கல்ல. அடுத்த நாள் ஸ்பானர் சாவிப் பையோட தனியா வந்து நிண்டீங்க. ஊசிக்குக் கீழ இருக்கிற தகட்டைக் கழற்றி, துணியை இழுக்கிற பல்லுக்குள்ள இறுகின சேற்றைக் குச்சியால கிண்டி எடுத்தீங்க. ஒவ்வொரு ஆணியையும் மண்ணெண்ணெயில ஊறவிட்டுத் துடைச்சு, மெசின் எண்ணெய் விட்டு, ஊறிப்போன தோல் பட்டியையும் மாத்தினீங்க. முடிஞ்சுதெண்டு நினைச்சன். நீங்க பழந்துணியில ஒரு கோடு தைச்சுப் பார்த்து, நூல் இழுபடுதெண்டு திரும்பவும் கழற்றினீங்களே, அந்தப் பொறுமையை நான் எப்படிச் சொல்ல!

காசு நீட்டினன், வாங்கல்ல. பைபிளில பேதுருவின் முதலாம் நிருபம் 4:10ஐச் சொல்லி, கடவுள் தந்த கைவேலை மற்ற ஆக்களுக்குத்தான் எண்டீங்க. நான் சைவம். அதுக்கு மேல ஒரு வார்த்தை போதிக்கல்ல. பிறகு பக்கத்து வீட்டு அக்கா, தொற்காள் எண்ட பெண் விதவைகளுக்கு உடுப்புத் தைச்சுக் கொடுத்ததை அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில காட்டினா. உங்கட நினைவுதான் வந்தது.

பேர் கேட்டதுக்கும் சிரிச்சிட்டுப் போயிட்டீங்க. இதை வாசிச்சா, உங்கட சபைப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்க வேணுமெண்டா சொல்லி அனுப்புங்க அண்ணா. துணி தந்தாக் காணும், கூலி வேணாம்.