கம்பங்கஞ்சி பல்லில் இருக்கும்

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு வந்த ஆதிமனிதர் பற்கள் பற்றிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். இலங்கையின் பட்டதொம்பலென போன்ற குகைகளில் கிடைத்த 26 பேரின் பற்களை ஆராய்ந்து, சுமார் 20,000 வருடத்துக்கு முன்பே இங்கே மனிதர் மழைக்காட்டை நம்பி வாழ்ந்தார்கள் என்று பேட்ரிக் ராபர்ட்ஸ் குழுவினர் 2015இல் காட்டியதை நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் பல் "அன்றைய சாப்பாட்டை அப்படியே சொல்லிவிடும்" என்ற வரி சரியில்லை. நெல்லும் கோதுமையும் காட்டு மரங்களும் காற்றிலிருந்து காபனை ஒரு விதமாக எடுக்கின்றன, கம்பும் குரக்கனும் (கேழ்வரகு) சோளமும் வேறு விதமாக எடுக்கின்றன, அந்த வித்தியாசம் சாப்பிட்டவர் உடம்பில் தங்கிவிடுகிறது. எந்த விதம் என்பதைத்தான் பல் காட்டும்; கம்பா குரக்கனா, கூழா ரொட்டியா என்றெல்லாம் சொல்லாது.

இன்னொன்று, பல்லின் மேல் பூச்சான எனாமல் சின்ன வயதிலேயே உருவாகி முடிந்துவிடும், பிறகு மாறாது; எலும்பு அப்படியில்லை, வாழும்வரை மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். இதை வாசித்ததும் எனக்கு அப்பாயி ஞாபகம்தான் வந்தது. திருச்சிப் பக்கம் கம்பங்கஞ்சி குடித்து வளர்ந்து, பன்னிரண்டு வயதில் கடல் தாண்டி இலங்கைக்கு வந்து தலைமன்னாரில் இறங்கியவர். அப்புறம் சாகும்வரை தேயிலைத் தோட்டத்து அரிசியும் கோதுமை மாவும்தான். அவருடைய பல்லில் ஊர்க் கம்பு இருக்கும், எலும்பில் லயத்துச் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) சோறு இருக்கும். ஆனால் தேயிலை மண் அமில மண், எலும்பைக் கரைத்துவிடும். பல்தான் மிஞ்சும்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தோட்டத்தில் ரோடு வெட்டும்போது பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) மயானத்து ஓரத்தையும் சேர்த்து அள்ளிவிட்டது, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்குவியலில் ஒரு கடைவாய்ப்பல் கிடந்தது, வெற்றிலைக் கறை அப்படியே இருந்தது. யாருடையதோ, மஞ்சள் துணியில் முடிந்து மறுபடி புதைத்தோம். மிச்ச மண் பள்ளம் நிரப்பப் போய்விட்டது.

தோட்ட வேலைக்கு எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம் ஆனதை 2023இல் "மலையகம் 200" என்று ஊரெல்லாம் பேசினோம். எங்கள் ஆட்கள் டயரி எழுதி வைத்தவர்கள் இல்லை, தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் இருப்பது கொடுத்த அரிசியின் கணக்கு மட்டும்தான். அதனால் கேட்கிறேன்: இனி எங்காவது மயானத்தில் எலும்போ பல்லோ வெளியே வந்தால் வேலையை நிறுத்தி முதலில் அந்தத் தோட்டத்து ஆட்களிடம் சொல்லட்டும், அவர்கள் சரி என்றால் பல்கலைக்கழகத்தார் சில மில்லிகிராம் தூள் எடுத்துக்கொண்டு மிச்சத்தை முறைப்படி மண்ணிலேயே வைக்கட்டும், வேண்டாம் என்றால் தொடவே கூடாது. இதைப் பற்றியும் உங்கள் பத்திரிகையில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஹட்டன்