பீரோவில் இல்லாத கோப்பு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

உன் வலது முழங்காலில் பாதி மூட்டு மாற்று, அதாவது தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றும் அறுவை, செய்யத் தேதி குறித்திருப்பதை மாப்பிள்ளை சொல்லித்தான் அறிந்தேன். நீயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. 1998இல் அதே காலில் நடந்த மெனிஸ்கஸ் (மூட்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) அறுவையைப் பற்றி உன் மருத்துவரிடம் முழுமையாகச் சொல்லிவிட்டாயா என்பதே என் கவலை.

முன்பு அறுவை நடந்தது என்பதாலேயே பாதி மாற்று கூடாது என்பதில்லை. எலும்பை வெட்டிக் காலின் வளைவை நிமிர்த்தியிருந்தால், பாரம் வெளிப்பக்கத்துக்கு மாறியிருக்கும் என்பதால் மிகவும் யோசிப்பார்கள். உனக்கு நடந்தது அதுவன்று. கிழிந்த மெனிஸ்கஸை எடுத்துவிட்டால் மூட்டின் அந்தப் பக்கத்தில் அழுத்தம் கூடி, ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேயும்; ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948இலேயே எக்ஸ்ரே படங்களைக் கொண்டு இந்த மாற்றங்களை எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்திய நான் இதை இப்போதுதான் படிக்கிறேன். உட்பக்கம் மட்டும் தேய்ந்து, மூட்டின் மற்ற இரு பகுதிகளும், மூட்டை நிலையாகப் பிடித்திருக்கும் ஏ.சி.எல். ஜவ்வும் உறுதியாக இருந்தால், அம்மாவுக்கு முழு மூட்டையும் மாற்றியபோது அவள் பட்ட பாடு உனக்கு இராது. ஜவ்வு உறுதியாக இல்லையென்றால், பொருத்தியது தளர்ந்து மீண்டும் அறுவைக்குப் போக நேரலாம். ஆகவே பழைய அறுவையைச் சொல், மறக்காமல் சொல்.

சென்ற மாதம் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டாயாமே. ஊசிக்கும் மூட்டு மாற்றுக்கும் இடையில் மூன்று மாதமாவது இல்லாவிட்டால் கிருமித்தொற்றுக்கான வாய்ப்புக் கூடும் என்பதால், அந்தத் தேதியையும் சொல். பேரனின் தேர்வுக்கு முன் முடித்துவிட வேண்டுமென்று அவசரப்படாதே. வலியை வெளியே காட்டாமல் மாவட்டக் கைப்பந்து இறுதியாட்டத்தை ஆடி முடித்தவள் நீ; அன்று பெருமைப்பட்டேன், இன்று அந்தப் பிடிவாதத்தையே நினைத்துப் பயப்படுகிறேன்.

எதற்கென்று சொல்லாமலே, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை பீரோவில் தேடும்படி அம்மாவிடம் கேட்டாயாம். அது அங்கே இல்லை, தேனு. உன்னைப் பெண் பார்க்க வந்த வாரத்தில், காலில் கத்தி வைத்த பெண் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, அந்தக் கோப்பை நான்தான் வெந்நீர் அடுப்பில் போட்டேன். உட்பக்க மெனிஸ்கஸில் பெரும்பகுதியை எடுத்துவிட்டதாகவும், ஏ.சி.எல். சற்றுத் தளர்ந்து தெரிவதால் ஆறு மாதத்தில் திரும்ப அழைத்துவர வேண்டுமென்றும் அதில் எழுதியிருந்தது. நான் அழைத்துச் செல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

மேலே எழுதியிருப்பதை அப்படியே மருத்துவரிடம் காட்டு. எம்.ஆர்.ஐ. எடுத்தும், காலைக் கையால் அசைத்தும் ஜவ்வைச் சோதித்த பிறகே, பாதியா முழுதா என்று அவர் முடிவு செய்யட்டும். மாப்பிள்ளையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். வியாழக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன்.

உன் அப்பா