முடிவுரைக்கு எதற்கு மதிப்பெண்?

கட்டுரை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பள்ளி முடித்து வருகிறவர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளைப் படித்துத் திருத்த உதவுவது என் வேலை. பெரும்பாலும் முதல் பத்தியிலேயே உங்கள் கை தெரிந்துவிடும். ஒரு மேற்கோள், 'மனித வாழ்வில் தோல்வி இயல்பானது' என்று ஒரு பொதுவாக்கியம், அதற்கப்புறம்தான் எழுதியவர் தயங்கித் தயங்கி உள்ளே வருவார். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நீங்கள் பழக்கியதைக் குறை சொல்லவில்லை. நூலகத்தின் பயன் பற்றி எழுத அது போதும். தன் வாழ்க்கையை எழுத உட்காரும்போதுதான் அது காலை வாருகிறது.

அனுபவக் கட்டுரையும் வாசகரை இணங்கவைக்கும் எழுத்துதான். 'என்னை நம்புங்கள், நான் பார்த்த விதமாக ஒரு நிமிடம் பாருங்கள்' என்று கேட்கிறது. இணங்கவைக்கும் வழிகள் மூன்று என்றார் அரிஸ்டாட்டில்: பேசுகிறவரின் குணம், கேட்கிறவரின் உணர்ச்சி, பேச்சில் உள்ள தர்க்கம். குணத்தைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். அந்த நம்பிக்கை, பேசுகிறவருக்கு ஏற்கெனவே இருக்கும் பெயரால் அல்ல, பேச்சிலிருந்தே பிறக்க வேண்டும். பதினேழு வயதில் யாருக்கு என்ன பெயர் இருக்கிறது? எழுதிய வரிகள்தான் அவர்களுக்கு எல்லாம்.

ஒரு பெண் எழுதியிருந்தாள். நோயுற்ற அம்மாவை இரண்டு ஆண்டுகள் கவனித்துக்கொண்ட கதை. ஐந்து பத்தி முழுக்கத் தியாகம். எனக்கு ஒரு வரிகூட ஒட்டவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது போகிறபோக்கில் சொன்னாள்: ஒருநாள் இரவு அம்மா கூப்பிட்டது காதில் விழுந்தும் தூங்குவதுபோல் படுத்திருந்தாளாம். அதை எழுதச் சொன்னேன். எழுதினாள். மற்ற பத்திகளில் ஒரு சொல்லும் மாறவில்லை, ஆனால் அத்தனையும் உண்மையாகிவிட்டன. தனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறவர் மற்றதில் பொய் சொல்லமாட்டார் என்று வாசக மனம் கணக்குப் போடுகிறது. அவளுடைய ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். 'உன்னைப் பற்றித் தவறான எண்ணம் வரும்' என்று ஓரத்தில் குறிப்பு. இந்த மடலை எழுத வைத்தது அந்தக் குறிப்புதான்.

(ஒப்புக்கொள்வதிலும் போலி உண்டு. 'என் குறை, அளவுக்கு மீறி உழைப்பது' என்பது குறை வேடத்தில் வந்த தற்பெருமை. அதற்கு மதிப்பெண் குறைத்தால் நான் உங்கள் பக்கம்.)

உணர்ச்சிக்கு வருவோம். அரிஸ்டாட்டில் வரை போகவே வேண்டாம், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் மெய்ப்பாடு எட்டு என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. அழுகை என்று பெயர் சொன்னதோடு விடவில்லை; அது இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலை குலைதல்), வறுமை என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்று பிறப்பிடமும் காட்டுகிறது. நம் மாணவர்களோ பிறப்பிடத்தை விட்டுவிட்டு 'ஆழ்ந்த துயரத்தில் மூழ்கினேன்' என்று பெயரை மட்டும் எழுதுகிறார்கள். மூழ்கியதை யாரும் பார்க்கவில்லையே. 'தாத்தா போய் ஓராண்டு கழித்து அவர் எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். வேறு யாரோ எடுத்தார்கள். தவறான எண் என்று சொல்லி வைத்தேன்' என்று இன்னொரு மாணவர் எழுதினார். துயரம் என்ற சொல்லே அதில் இல்லை. இழவு இருந்தது.

காலத்தை நீட்டவும் சுருக்கவும் கற்றுக்கொடுங்கள். மூன்று ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டலாம், கதவைத் தட்டுவதற்கு முன் நின்ற அரை நிமிடத்துக்கு ஒரு பத்தி கொடுக்கலாம். எங்கே நின்றார் என்பதே எது முக்கியம் என்று சொல்லிவிடும். 'இது என் வாழ்வின் திருப்புமுனை' என்று பலகை மாட்ட வேண்டியதில்லை.

கடைசியாக முடிவுரை. பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன் 1580-இல் தன் கட்டுரைகளை வெளியிட்டபோது அவற்றுக்கு வைத்த பெயருக்கு 'முயற்சி' என்று பொருள். அச்சான பிறகும் 1592-இல் சாகும்வரை அவற்றில் சேர்த்துக்கொண்டே இருந்தார். முடிவு தெரிந்தபின் எழுதியவர் அல்ல, எழுதித் தேடியவர். நம் பிள்ளைகள் முடிவிலிருந்து தொடங்குகிறார்கள்: விடாமுயற்சி வெல்லும் என்று காட்ட வேண்டும், அதற்கேற்ப ஒரு சம்பவம் வேண்டும். அப்படிப் பிடித்துவரப்பட்ட சம்பவம் எங்கே வாய் திறந்து பேசும்? நீதியைக் கையில் திணித்தால் வாசகர் கையை இழுத்துக்கொள்வார். அவரே கண்டெடுத்ததாக நினைத்தால் விடமாட்டார்.

என் கோரிக்கை சிறியது. அடுத்த முறை அனுபவக் கட்டுரை கொடுக்கும்போது, முடிவுரைக்கு ஒதுக்கும் மதிப்பெண்ணை, எழுதியவர் தன் தரப்புக்கு எதிராகச் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு முறை.

அந்தப் பெண் கடைசித் திருத்தத்தில் முடிவுரையை எடுத்துவிட்டாள். 'அம்மா இரண்டாவது முறை கூப்பிடவில்லை' என்ற வரியோடு கட்டுரை நின்றுவிட்டது. அதற்குக் கீழே நான் எதுவும் எழுதவில்லை.

அன்புடன்,
உங்கள் மாணவர்களின் வாசகர்