பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பழம்பெரும் கார்களுக்கு மதிப்பு பெயின்ட் பளபளப்பில் இல்லை. சேஸி (காரின் அடிச்சட்டம்) எண்ணும் என்ஜின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். 1954 முதல் 1957 வரை 1,400 மட்டுமே தயாரான மெர்சிடிஸ் 300 எஸ்எல் ‘கல்விங்’ (கடற்காகச் சிறகு) காரில், மேல்நோக்கித் திறக்கும் கதவுகளில்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். (அது அழகுக்காக வந்ததல்ல, சேஸியின் குழாய்ச் சட்டம் பக்கவாட்டில் உயரமாக இருந்ததால் வேறு வழியில்லை.) பார்க்க வேண்டியது என்ஜின் ஆயிலை. சாவியை அணைத்தபின்னும் என்ஜின் சுழன்று நிற்கும்வரை, அதோடு இணைந்து சுழலும் பம்ப் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். எப்போதாவது சிறிது தூரம் மட்டும் ஓடும் கார்களில் இது இன்னும் மோசம். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் உடனே மாற்றுங்கள். தகட்டின் பள்ளத்தை மறைக்கப் பட்டி பூசியதைக் கண்டுபிடிக்கக் காந்தம் வைப்பவர்கள் கவனிக்க: இந்தக் காரின் கதவு, பானெட், டிக்கி மூடி அலுமினியம். அங்கே பட்டி இல்லாவிட்டாலும் காந்தம் ஒட்டாது.

இப்படிக்கு,
வாசகர்