அந்தத் தையல் மெஷின் உங்களுடையது, நானா

அன்புள்ள நானா,

இன்று ஒக்டோபர் 30. ஒவ்வொரு வருடமும் இந்தத் தேதியில் உங்களுக்கு எழுத உட்காருவேன், இரண்டு வரியோடு எழும்பிவிடுவேன். 35 வருடம் போய்விட்டது. இந்த முறை எழுதி முடித்துவிட்டுத்தான் எழும்புவது என்று இருக்கிறேன்.

2012இல் நான் யாழ்ப்பாணத்தில் உங்கள் முஸ்லிம் ஆட்களின் சோனகத் தெருவுக்கு உங்களைப் பார்க்க வந்தது ஞாபகம் இருக்கும். கூரை இல்லாத வீட்டின் முன்னறையில், தகரம் போட்டு மறைத்த மூலையில், பிளாஸ்டிக் கதிரையில் என்னை இருத்தினீர்கள். சுவர் வெடிப்புக்குள் அரசங்கன்று ஒன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பிளேன்டீ தந்து, கடித்துக் குடிக்க உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியும் வைத்தீர்கள். அம்மா சுகமா என்று கேட்டீர்கள். அப்பா போன கதையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தீர்கள். நான் வெளிக்கிடும்போது, "உங்கட வீட்டாக்கள் எப்பவும் நல்ல சனம், பிள்ளை" என்றீர்கள்.

அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். அன்றைக்கு உங்கள் தையல் மெஷின் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. எனக்குப் பதினொரு வயது. காலையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் உங்கள் தெருக்களில் போய் வந்த சத்தம் எங்கள் ஒழுங்கை வரைக்கும் கேட்டது. ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் ஜின்னா மைதானத்துக்கு எல்லோரும் வரவேண்டும் என்ற அறிவிப்பு. ஏதோ கூட்டம் என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்தோம். மத்தியானத்துக்குள் கதை வந்துவிட்டது: இயக்கம், விடுதலைப் புலிகள், முஸ்லிம் ஆட்கள் உங்கள் எல்லோரையும் வெளிக்கிடச் சொல்லிவிட்டது, இரண்டு மணித்தியாலம்தான் அவகாசம். துப்பாக்கியோடு பொடியன்கள் ஒவ்வொரு சந்தியிலும் நின்றார்கள். அம்மம்மா படலையைச் சாத்திக் கொக்கி போட்டா. நான் கிடுகு வேலியில் இருந்த ஒரு ஓட்டையால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதீஜாக் கல்லூரிச் சீருடையோடு ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு போனது. என் வயதுதான் இருக்கும். தோட்டைக் கழற்றிவிட்டார்கள் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. மாற்றுடுப்பு ஒன்று, கையில் 150 ரூபா, அவ்வளவோடு போகச் சொன்னார்கள் என்று உங்கள் ஆட்கள் பலருடைய வாக்குமூலங்களில் பிறகு படித்தேன். சாவகச்சேரி, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று அந்த ஒரு மாதத்துக்குள் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அன்றைக்கு எனக்கு இந்தக் கணக்கு ஒன்றும் தெரியாது. உங்களிடம் தைக்கக் கொடுத்திருந்த என் வெள்ளைச் சட்டை என்ன ஆகும் என்றுதான் அம்மாவைக் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினா.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆளும் வெளியே வரவில்லை, நானா. பயம் என்று பிறகு எல்லோரும் சொன்னோம். அது பொய்யில்லை, எதிர்த்துக் கதைத்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். படலையைத் திறந்து போட்டு நீங்கள் போவதைப் பார்த்துக்கொண்டாவது நின்றிருக்கலாம். அதற்குக்கூட எங்களுக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்குப் பயம் காரணமில்லை. சில மாதம் கழித்து உங்கள் வீடுகளில் இருந்த சாமான்கள் விலைக்கு வந்தன. அலுமாரி, கட்டில், கதவு, யன்னல் நிலை, ஓடு, எல்லாம். அப்பா ஒருநாள் பின்னேரம் சைக்கிள் கரியரில் எதையோ சாக்கால் மூடிக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் தள்ளுவண்டியில் இரும்புக் கால் வந்தது. சிங்கர் மெஷின். அரைவிலையும் இல்லை என்றார். அம்மா கிட்ட வரவில்லை. "நாங்கள் எடுக்காட்டி வேற ஆராவது எடுப்பினம்" என்றார் அப்பா. அதே வசனத்தை அந்த வருடம் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

அது உங்களுடையது என்று தெரியாமல் வாங்கிவிட்டோம் என்று சொல்லவே முடியாது. வலது பக்க லாச்சிக்குள் உங்கள் அளவுக் கொப்பி இருந்தது. நீலச் சோக்குக் கட்டி ஒன்று, பொபின் நாலு, வளைந்த ஊசிகள் குத்திய ஒரு பஞ்சு, அடியில் அந்தக் கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் சாய்வெழுத்து. நெஞ்சு, தோள், கை, கழுத்து. பாதிப் பெயர்கள் எங்கள் ஒழுங்கை ஆட்களுடையவை. கடைசிக்கு முந்தின பக்கத்தில் என் பெயர். பக்கத்திலே, 'கை ஒரு இஞ்சி கூட விட வேணும், வளர்ற பிள்ளை' என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறீர்கள்.

அம்மா அந்தக் கொப்பியை எறியவும் இல்லை, அதில் எழுதவும் இல்லை. தன்னுடைய அளவுகளுக்கு வேறு கொப்பி வாங்கினா. கரண்ட் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கைத் தட்டில் வைத்து இரவிரவாகத் தைத்தா. 1993இல் அப்பா போன பிறகு எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டதும், என்னைப் படிப்பித்ததும் அந்த மெஷின்தான். நீங்கள் புத்தளத்தில், தில்லையடிக் கொட்டிலுக்குள் கையூசியால் கிழிசல் தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்ததாகச் சொன்னீர்களே, அதே வருடங்கள்.

1995 ஒக்டோபர் 30. அதே தேதி. எங்கள் பக்கம் உட்பட வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிடச் சொல்லி இயக்கம் அறிவித்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் லட்சக்கணக்கான சனம், ஒரு அடி வைக்கப் பத்து நிமிடம். அந்த நெரிசலுக்குள் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சனத்தின்ர கண்ணீர் சும்மா விடுமே" என்றா. அன்றைக்கு அந்தப் பாலத்தில் பலர் அதைச் சொல்லி அழுதார்கள். இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள்.

நானும் கன காலம் அதை நம்பினேன். இப்போது அந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் இடம்பெயர்ந்ததற்கும் உங்கள் கண்ணீரைக் காரணம் சொன்னால், அந்தப் பழியும் உங்கள் தலையில்தான் விழுகிறது. அதோடு இரண்டும் ஒன்று இல்லை. நாங்கள் சைக்கிளில் அரிசி மூட்டை கட்டிக்கொண்டு போனோம். எங்கள் காதுத்தோட்டை யாரும் கழற்றவில்லை. ஆறு மாதத்தில் திரும்பி வந்தோம். வீட்டில் பலதும் போயிருந்தது, மெஷின் பாரமென்று விட்டுவிட்டார்கள். உங்களுக்குத் திரும்பி வர இருபது வருடம் எடுத்தது.

இந்தக் கதையைத் தொட்டால் எங்கள் ஆட்கள் சிலர் உடனே கிழக்கு மாகாணத்தை இழுப்பார்கள். வீரமுனையில் கோயிலுக்குள் தஞ்சமிருந்த தமிழ்ச் சனத்தை முஸ்லிம் ஊர்காவல் படையினர் கொன்றார்களே என்பார்கள். உண்மைதான், 1990 ஓகஸ்ட். அதே ஓகஸ்டில்தான் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களை இயக்கம் சுட்டதும், ஏறாவூரில் முஸ்லிம் சனத்தைக் கொன்றதும். வீரமுனையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்னிடம் கேட்டால் நான் தலைகுனிந்து கேட்பேன். ஆனால் அந்த ஓகஸ்ட் முழுக்க நீங்கள் சோனகத் தெருவில் எனக்குச் சட்டை வெட்டிக்கொண்டு இருந்தீர்கள். உங்களிடம் என்ன கணக்குத் தீர்க்க இருந்தது?

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில், உங்களை வெளியேற்றியது தவறு என்று இயக்கத்தின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார், திரும்பி வரலாம் என்றார். வானொலியில் கேட்டபோது எனக்கு நெஞ்சு லேசானது. சரி, சொல்லிவிட்டார்கள், முடிந்தது என்று இருந்துவிட்டேன். இயக்கம் செய்ததற்கு இயக்கம் சொன்னது. எங்கள் விறாந்தையில் இருந்ததற்கு யார் சொல்வது?

நீங்கள் திரும்பி வந்த பிறகு பட்ட பாடும் எனக்குத் தெரியும். புத்தளத்தில் இருபது வருடம் 'அகதி' என்றார்கள். இங்கே வந்தால் 'புத்தளத்தார்' என்றார்கள். பகலில் வீடு பூட்டியிருந்தது என்று மீள்குடியேறினோர் பட்டியலில் இருந்து உங்கள் பெயரை வெட்டினார்கள். கூரையில்லாத வீட்டில் குமர்ப்பிள்ளைகளை எப்படி வைத்திருப்பது என்று நீங்கள் கேட்டதற்கு அந்த அதிகாரியிடம் பதில் இல்லை. "அங்க பிறந்த பிள்ளையளுக்கு இது ஊர் இல்ல, பிள்ளை, என்ர கதைதான் இது" என்று நீங்கள் சொன்னது என் மனதில் அப்படியே இருக்கிறது.

இதைத் தனியாகத் தபாலில் போடாமல் எல்லோரும் பார்க்க எழுதுவதற்குக் காரணம், எங்கள் வீடு மட்டும் இல்லை என்பதுதான். உங்கள் தெருவில் இருந்து வந்த கதவும் நிலையும் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. வாங்கியவர்கள் பலர் இறந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தெரியும், சொல்வதில்லை. நான் சொல்வதைப் பார்த்து ஒருவராவது தங்கள் வீட்டு அலுமாரி எங்கிருந்து வந்தது என்று வாய் திறந்தால் நல்லது. உங்கள் பெயரை எழுதவில்லை. இனியும் உங்களைச் சங்கடத்தில் மாட்ட எனக்கு உரிமை இல்லை.

அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. இன்று விடிய எழும்பிப் பார்க்கிறேன், பழந்துணியில் மண்ணெண்ணெய் தொட்டு மெஷினின் இரும்புக் காலைத் துடைத்துக்கொண்டு நிலத்தில் இருக்கிறா. 78 வயது, குனிய ஏலாது. மிதிபலகையின் ஓட்டைகளுக்குள் சேர்ந்த ஊத்தையை ஈர்க்கால் ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்தா. பிறகு லாச்சியைத் திறந்து, கொப்பியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தா. தானும் வரவேண்டும் என்கிறா.

மெஷினின் பட்டியை மாற்றியிருக்கிறேன், ஓடுகிறது. அதனால் நாங்கள் உழைத்த காசு வேறு கணக்கு, அதை நேரில் இருந்து கதைப்போம். மன்னிப்பு இப்போது கேட்கவில்லை, நானா. மெஷின் உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு கேட்கிறேன். நீங்கள் இல்லை என்று சொன்னாலும் அது நியாயம்தான்.

வருகிற ஞாயிறு காலை லான்ட்மாஸ்ரர் ஒன்று பிடித்து ஏற்றிக்கொண்டு ஐந்து சந்தியால் வருகிறோம். அந்த நேரம் வேண்டாம் என்றால் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள், வேறு நாள் வருகிறோம்.

உங்கள்
ஒழுங்கைப் பிள்ளை