51 ஞாயிற்றுக்கிழமைகள்: அப்பாவின் லாரிக்காக ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை அன்று சாயங்காலம் எங்கள் தோட்டத்துக் கொட்டகையிலிருந்து அப்பாவின் லாரி தன் சொந்த எஞ்சினில் வெளியே வந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுப்பதற்குள் இருட்டிவிட்டது. வந்திருந்தவர்களில் பாதிப் பேரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அன்று சொல்ல விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லாரியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அது டாடா 1210. 1978இல் அப்பா வாங்கியது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. உள்ளே இருப்பது 692 எஞ்சின். 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். டாடா நிறுவனம் டெய்ம்லர் பென்ஸுடன் 1954இல் செய்த ஒப்பந்தம் 1969இல் முடிந்துவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பழைய டிரைவர்களுக்கு அது கடைசிவரை பென்ஸ் வண்டிதான். சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஹூப்ளி, கோலாப்பூர், புனே வழியாக பம்பாய்க்கு எத்தனை நடை போனதென்று அப்பாவுக்கே கணக்குத் தெரியாது. 2009இல் அதை வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். அப்புறம் 15 வருஷம் அது நகரவில்லை.

2019இல் நான் ஒருமுறை வேலையைத் தொடங்கினேன். "ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம்" என்று எல்லாரிடமும் சொன்னேன். முன்பக்கத்தைப் பிரித்து, போல்ட்டுகளைச் சிமென்ட் சாக்கில் போட்டுக் கட்டிவைத்ததோடு சரி. அப்போது எனக்கு ஆசையும் இருந்தது, ஓரளவு பணமும் இருந்தது. எந்த வேலை எந்த நாளைக்குள் முடிய வேண்டும் என்பது மட்டும் இல்லை. கையால் உதவியவர்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. எனக்கு ஒரு தேதியைக் கொடுத்து, அந்தத் தேதியில் என்னைப் பிடித்து வைத்தவர்களுக்குப் பட்ட கடன் அதைவிடப் பெரியது.

முதல் நன்றி ராசிபுரத்து மெக்கானிக் மாமாவுக்கு. 2024 விஜயதசமி, அக்டோபர் 12 அன்று அவரைக் கூட்டிவந்து லாரியைக் காட்டினேன். "எப்போ முடியுங்க மாமா?" என்று கேட்டேன். "எஞ்சினைப் பிரிச்சுப் பாக்காம நான் தேதி சொல்ல மாட்டேன் மாப்ளே. பிரிக்கறதுக்கு வேணும்னா தேதி சொல்றேன்" என்றார். அடுத்த ஆயுத பூஜைக்குள் ஓட வேண்டும் என்பது என் ஆசை. அவர் அதை மறுக்கவில்லை. காலண்டரை எடுத்துவரச் சொல்லி, நடுவில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று எண்ணச் சொன்னார். நான் வங்கி வேலைக்குப் போகிறவன், வாரத்தில் ஒரு நாள்தான் முழுதாகக் கிடைக்கும். 51 வந்தது. "இதுல கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி எல்லாம் கழி" என்றார். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களைக் கழித்தேன், குலதெய்வம் கோயிலைக் கழித்தேன். 36 மிஞ்சியது. ஒரு வருஷம் என்று நான் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது வெறும் 36 நாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

லாரிக்கு ஒரே கெடு வைப்பதை அன்றோடு விட்டேன். எஞ்சினை இறக்குவது கார்த்திகை தீபத்துக்குள். சேஸிஸைத் துடைத்துத் துருவெடுத்து பிரைமர் அடிப்பது பொங்கலுக்குள். எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது சித்திரை 1க்குள். கேபினும் பாடியும் ஆடி 18க்குள். கடைசியில் டயர். ரப்பர் சும்மா நின்றால் வீணாகும் என்பதாலும், சம்பளத்தில் மிச்சம் பிடிக்க நாள் வேண்டும் என்பதாலும் அதைத் தள்ளி வைத்தோம். 9.00-20 அளவில் ஆறு டயர், ஒரு ஸ்டெப்னி.

இந்தத் தேதிகளைக் காப்பாற்றியது என் மனைவி. கொட்டகைத் தூணில் ஒரு தினசரிக் காலண்டரை மாட்டி, அந்தந்த நாளின் தாளிலேயே வேலையை எழுதிவிட்டாள். "டிசம்பர் 13, எஞ்சின் தரையில்" என்ற மாதிரி. அந்த நாள் வரும்போது வேலை முடிந்திருந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். முடியாவிட்டால் கிழித்த தாளைத் தூணில் இருக்கும் ஆணியில் குத்தி, பின்பக்கத்தில் ஏன் முடியவில்லை, புதுத் தேதி என்ன என்று நான் என் கையெழுத்தில் எழுத வேண்டும். திட்டியது கிடையாது. எழுதாமல் நான் சாப்பிட உட்காரக் கூடாது, அவ்வளவுதான். முதல் தாளே ஆணிக்குத்தான் போனது. டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்து கொட்டகைத் தரை சேறாகிவிட்டது, எஞ்சினைத் தூக்கி இறக்கும் செயின் பிளாக் கட்டிய முக்காலி நிற்கவில்லை. "தரை காயவில்லை, டிசம்பர் 22" என்று எழுதினேன். 22ஆம் தேதி எஞ்சின் இறங்கியது. காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டியிருந்தால், எது நம் கையில் இல்லாத தடை, எது நாமே தள்ளிப்போட்டது என்பது எழுதும்போதே தெரிந்துவிடுகிறது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்.

மகளுக்கும் நன்றி. பிரித்த ஒவ்வொரு பாகத்தையும் போனில் படமெடுத்து, போல்ட்டுகளை ஊறுகாய் பாட்டில்களில் போட்டு, "இடது மட்கார்டு, மேலே, 4" என்று சீட்டு ஒட்டினாள். திரும்ப மாட்டும்போது தேடித் தேடி வீணாகும் நாட்களை அந்தச் சீட்டுகள் மிச்சப்படுத்தின. அவளுடைய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும்வரை கொட்டகையில் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது என்பதும் காலண்டரில் இருந்தது. அந்த வாரங்களில் டீசல் டாங்கைக் கழுவினோம், வயரிங் பார்த்தோம்.

இனி எஞ்சின். அது சுற்றாமல் இறுகிப்போய் இருந்தது. டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக ஆறு சிலிண்டரிலும் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு மெக்கானிக் மாமா பத்து நாள் யாரையும் தொடவிடவில்லை. பதினோராவது நாள் ஃபிளைவீலில் கம்பி கொடுத்துத் திருப்பியபோது மெல்ல அசைந்தது. வேகப்பட்டிருந்தால் பிஸ்டன் உடைந்திருக்கும் என்றார். அந்தப் பத்து நாளும் அவர் முதலிலேயே கணக்கில் வைத்திருந்த நாட்கள்.

கணக்கில் இல்லாமல் வந்தது கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு. அரைக்கக் கொடுத்த பட்டறையில் மூன்று வாரம் கிடந்தது. 20 சைஸுக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு குறைய அரைத்த பிறகுதான் ஒரு ஜர்னல் (பேரிங் உட்காரும் இடம்) ஓரத்தில் வெடிப்பு இருப்பது தெரிந்தது. சித்திரை 1 தாள் ஆணிக்குப் போனது. புதுத் தேதி எழுத என்னால் முடியவில்லை, ஏனென்றால் வேறு கிராங்க் எங்கே கிடைக்கும் என்றே தெரியாது. அன்று ராத்திரி அப்பாவிடம் முன்பு கிளீனராக இருந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். இன்று அவருக்கே மூன்று லாரி ஓடுகிறது. ஆனாலும் அப்பா அவருக்கு இன்னும் "மொதலாளி"தான். "மொதலாளி வண்டிக்கா? நாலு நாள் குடுங்க தம்பி" என்றார். சென்னை புதுப்பேட்டையில் ஆள் விட்டுத் தேடியிருக்கிறார், இல்லை. விஜயவாடா ஆட்டோ நகரில் ஒரு பழைய கடையில் இருந்தது. வெடிப்புச் சோதனை செய்து பார்த்து, 10 சைஸிலேயே நிற்கும் என்று உறுதியான பிறகு, தன் லாரியிலேயே சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். நாலு நாள் கேட்டவர் ஐந்தாம் நாள் வந்து, ஒரு நாள் தாமதத்துக்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். அண்ணா, கிராங்கின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு அலைந்த செலவை வாங்க மறுத்துவிட்டீர்கள். அந்தக் கணக்கு என் நோட்டில் அப்படியே இருக்கிறது.

எஞ்சின் 41 நாள் பின்தங்கியது. ஆனால் லாரி 41 நாள் பின்தங்கவில்லை. அதற்குக் காரணம் சங்ககிரிப் பெயிண்டர் அண்ணன். அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: ஆடி பிறப்பதற்குள் பெயிண்ட் அடித்தாக வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், திறந்த கொட்டகையில் ஈரப் பெயிண்ட்டின் மேல் புழுதி ஒட்டாமல் இருக்குமா? ஆடி போனால் ஆவணி, புரட்டாசி மழை, அப்புறம் ஐப்பசி. ஆக ஜூலை 16தான் அவருக்குக் கடைசி நாள். மற்ற கெடுவெல்லாம் நாங்கள் வைத்தது, இது காற்று வைத்தது. அதனால் எஞ்சினுக்காகக் காத்திருக்காமல் கேபின் வேலையை முன்னால் இழுத்தோம்.

கேபின் மரத்தால் ஆனது. அந்தக் காலத்தில் சேஸிஸாக வாங்கி வந்து, கேபினையும் பாடியையும் இங்கே பட்டறையில்தான் கட்டுவார்கள். எங்கள் கேபினின் சட்டங்களைக் கறையான் அரித்திருந்தது. திருச்செங்கோட்டு மரவேலை மேஸ்திரி வேம்பைத் தை மாதமே அறுத்து, நிழலில் அடுக்கி, பங்குனிவரை தொடவில்லை. நான் இரண்டுமுறை போய் நின்று கேட்டேன். ஒரு பலகையை என் கையில் கொடுத்து, "எடை பாருங்க. இன்னும் தண்ணி இருக்குது" என்றார். பச்சை மரத்தில் கட்டியிருந்தால் வெயிலில் கோணி, கதவு சாத்தாமல் போயிருக்கும். அவர் கட்டிய கதவுகள் இன்று ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொள்கின்றன. ஐயா, உங்கள் வயதில் அந்தக் கூரைச் சட்டத்தை ஏணியில் நின்று நீங்களே பொருத்தியதை நாங்கள் யாரும் மறக்க மாட்டோம்.

மே 25, ஞாயிற்றுக்கிழமை. தூணில் "எஞ்சின் ஓட வேண்டும்" என்ற புதுத் தாள். மெக்கானிக் மாமா கைப்பம்பை அடித்து டீசல் லைனில் இருந்த காற்றை வெளியேற்றினார். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் நட்டை இறுக்கினார். நாலாவது முயற்சியில் பிடித்தது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. எல்லாரும் கத்தினோம், அப்பா மட்டும் கட்டிலில் உட்கார்ந்தபடியே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். 79 வயது, கண் மங்கல். "ஒரு நாசில் ஒழுகுது" என்றார். மாமா பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். மற்றதையெல்லாம் தளர்த்தும்போது எஞ்சின் தடுமாறியது, நாலாவதைத் தளர்த்தியபோது சத்தம் மாறவே இல்லை. அந்த நாசிலை மாற்றினோம். 16 வருஷம் கழித்து அப்பா தன் வண்டிக்குச் செய்த முதல் ரிப்பேர் அதுதான்.

பெயிண்ட் ஜூலை 13இல் முடிந்தது. மூன்று நாள் மிச்சம். நெற்றிப் பலகையில் அம்மாவின் பெயரைத் தூரிகையால் எழுதியதும் அதே பெயிண்டர் அண்ணன்தான். அதற்கு மட்டும் அவர் தேதி சொல்லவில்லை. காற்று ஓய்ந்த ஒரு விடியற்காலையில் வந்து எழுதிவிட்டுப் போயிருந்தார்.

லாரி ரோட்டுக்கு வருமா என்று பலர் கேட்டீர்கள். வராது. 2021இல் வந்த வின்டேஜ் வாகன விதிகள் 50 வருஷம் தாண்டிய, சொந்தப் பயன்பாட்டுக்கான இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத்தான். சரக்கு லாரிக்கு அந்த வழி இல்லை. இதை முதல் மாதமே விசாரித்துச் சொன்ன சித்தப்பாவுக்கு நன்றி. தோட்டத்துக்குள்தான் ஓடும் என்று முடிவானதும் ரீட்ரெட் டயர் போதும் என்றானது, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடக்க வேண்டிய நாட்களும் மிச்சமாயின.

கல்யாணங்களுக்கு நான் வராதபோது கோபித்துக்கொள்ளாத சொந்தங்களுக்கும், ஞாயிறு தோறும் ஏழெட்டுப் பேருக்குச் சமைத்த அம்மாவுக்கும், வெல்டிங் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்துத் தோட்டத்து வீட்டாருக்கும் நன்றி.

ஆணியில் குத்திய தாள்களை எண்ணினேன். 17 இருக்கின்றன. அவற்றில் 15க்கு வேலை முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டு: இடது கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பு, பின் விளக்கு வயர். இரண்டுக்கும் பொங்கல் என்று எழுதியிருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்து மாமா, உங்கள் செயின் பிளாக்கைத் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து தருகிறேன், வீட்டில் இருங்கள்.